சின்னுசாமி எப்போது மன்னித்தார்?

அத்தியாயம் 17

போன வாரம் கயல்விழியை மடிக்கணினிக்கு முன்னால் விட்டுவிட்டு வந்தோம். இந்த ஏழு நாளில் அவள் அந்த அறையை விட்டு வெளியே வந்ததாகத் தகவல் இல்லை. ஜன்னல் வழியாகத் தட்டில் தோசை போகும். காலித் தட்டு வெளியே வரும். வெளியே மார்கழிப் பனி கொட்டுவதுகூட அவளுக்குத் தெரியாது.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வரி. புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலை லாரியின் ஹாரனுக்கு அலமாரிப் பாத்திரம் அதிரும் தூரத்தில் இருப்பது தமிழரசுவின் வீடு. தண்ணீருக்குப் போர் போடும் ரிக் வண்டி வைத்திருக்கிறார். மனைவி சத்யபிரியா. ஒரே மகள் கயல்விழி, பிளஸ் டூ. அமெரிக்காவில் ஆஷ்மியர் கல்லூரி என்ற ஒன்றில் பாறையையும் நிலத்தடி நீரையும் பற்றிப் படிக்க வேண்டும் என்பது அவள் பிடிவாதம்.

"பாறை படிக்கறதுக்கு அமெரிக்கா எதுக்கு? நாமக்கல்லுல ஊருக்கு நடுவுலயே மலையாட்டம் கெடக்குது, போய்ப் படி" என்று சத்யபிரியா சொல்லிப் பார்த்தாள். எடுபடவில்லை.

கடைசியில் தமிழரசு தீர்ப்புச் சொன்னார். இந்த ஒரே ஒரு கல்லூரிக்கு எழுதலாம். முழு உதவித்தொகை வந்தால் போகலாம். வராவிட்டால் பரீட்சை முடிந்த மறுநாளே மருத்துவ நுழைவுத் தேர்வு விடுதி. அந்த விடுதியில் பிள்ளைகள் தூக்கத்தில் புரண்டு படுப்பதானாலும் நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டுத்தான் புரளுவார்கள் என்று ஊரில் பேச்சு.

விண்ணப்பம் என்றால் பெயர், ஊர், மதிப்பெண் என்று நினைத்திருந்தார்கள். வந்ததோ ஐந்து துணைக் கட்டுரைகள். எங்கள் கல்லூரியை ஏன் தேர்ந்தெடுத்தாய்? உன் அறைத்தோழிக்கு ஒரு கடிதம் எழுது. உனக்கு எதில் சந்தோஷம்? பெண் பார்க்க வருகிற வீட்டார்கூட இவ்வளவு குடைய மாட்டார்கள். நாலை எழுதி முடித்துவிட்டாள். ஐந்தாவதுதான் ஆளைத் தின்றது.

'சொல்லக் கடினமாக இருந்த ஓர் உண்மையை நீ ஒருவரிடம் சொன்ன சமயத்தைப் பற்றி எழுது. அதன் பிறகு என்ன நடந்தது? 250 சொற்களுக்குள்.'

கயல்விழியிடம் அப்படி ஓர் உண்மை இருந்தது. அதன் எடை ஒரு தேங்காய்.

போர் போடுவதற்கு முன் இடம் பார்ப்பார்கள். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்து, செருப்பில்லாமல் தோட்டத்தைச் சுற்றி வருவார்கள். அடியில் நீரோட்டம் இருக்கும் இடத்தில் தேங்காய் தானாக எழுந்து நிற்கும் என்பது நம்பிக்கை. ஒன்பது வயதில் கயல்விழி விளையாட்டாக நடந்தபோது அது எழுந்தது. அங்கே போட்ட போரில் வந்த தண்ணீரில், மேலே பறந்த கொக்கு நனைந்து கீழே இறங்கிச் சிறகு காயவைத்தது என்று அந்த ஊர்க்காரர்கள் இன்றும் சத்தியம் செய்கிறார்கள். மறு வாரமே ரிக் வண்டியின் நெற்றியில் மஞ்சள் எழுத்தில் 'கைராசிக் கயல்' ஏறிவிட்டது. ஓமலூரிலிருந்தும் எடப்பாடியிலிருந்தும் கார் அனுப்பி அவளை அழைத்துப் போனார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன், பங்காளி முறையில் பெரியப்பாவான சின்னுசாமியின் தோட்டத்தில் தேங்காய் எழவில்லை. கயல்விழி கட்டைவிரலால் நெம்பி எழுப்பினாள். அந்த இடத்தில் ஆயிரத்து நூறு அடி போனார்கள். வந்தது வெறும் புழுதி. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கட்டுரையில்தான் முதன்முதலாக எழுதினாள்.

எழுதியதைச் சேலத்தில் வெளிநாட்டுப் படிப்புக்கு வழிகாட்டும் தீபிகா மேடம் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "பிரச்சினை, உண்மை, கண்ணீர், மாற்றம். இந்த நாலும் வரணும்மா. உன்னோடதுல பின்னாடி ரெண்டும் இல்ல. அவர்கிட்டச் சொன்னியா?"

"இன்னும் இல்லீங்க மேடம். பொங்கலுக்குப் போறப்ப சொல்லலாம்னு இருக்கறேன்."

"அப்ப சொல்லிட்ட மாதிரியே எழுது. பொங்கலுக்குப் போய்ச் சொல்லிடு. சரியாப் போயிடும்."

கேள்வித்தாள் வருவதற்கு முன்பே விடையை எழுதி எழுதிக் கை தேய்ந்த பிள்ளை. அவளுக்கு அதில் தப்பே தெரியவில்லை. அந்த ஏழை விவசாயியின் குடிசைக்கு நடந்து போனேன், உண்மையைச் சொன்னேன், அவர் கண்ணீர் விட்டு என் தலையில் கை வைத்து மன்னித்தார் என்று எழுதி முடித்தாள். இருநூற்று நாற்பத்தெட்டுச் சொற்கள்.

இன்றைக்கு ஜனவரி இரண்டு, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவில் ஜனவரி ஒன்று நள்ளிரவுக்கு ஒரு நிமிடம் முன்பு கதவைச் சாத்துகிறார்கள். நம் கடிகாரத்தில் அது காலை பத்து இருபத்தொன்பது.

மணி ஒன்பதே கால். ஐந்து கட்டுரையும் தயார். ஒரு பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். ஆனால் சத்யபிரியா தினசரிக் காலண்டரின் தாளைக் கிழித்துக் கையில் பிடித்துக்கொண்டு வாசற்படியில் நின்றாள்.

"நல்ல நேரம் ஒம்பதரைக்குத்தான் கண்ணு ஆரம்பிக்குது. பத்தரைக்கு ராகு காலம். அந்த அமெரிக்காக்காரனும் காலண்டர் பாத்துத்தான் வெச்சிருக்கறான் போ. ஒம்பதரைக்கு மேல அமுத்து."

"அம்மா, நேரமாக ஆக எல்லாரும் ஒண்ணா அனுப்புவாங்க. பக்கம் சுத்திக்கிட்டே நிக்கும்."

"கால் மணி நேரத்துல உலகம் அழிஞ்சு போயிராது." சத்யபிரியா கட்டிலில் உட்கார்ந்தாள். முகத்தில் ஒரு ரகசியச் சந்தோஷம். "எல்லாரும் ஆசீர்வாதம் பண்ணிப்போட்டாங்க. இனி உனக்கு என்ன பயம்?"

"எல்லாரும்னா?"

"நம்ம பங்காளிங்க வாட்சப் குரூப்புலதான். உன்ற கட்டுரைய காலைல படம் புடிச்சுப் போட்டு உட்டேன். அகல்யா இங்கிலீஷ் டீச்சர்தான, தப்பு கிப்பு இருந்தா சொல்லுவான்னு. அறுபது பேரு கும்புட்டுப் போட்டாங்க, பாரு."

அந்த வீட்டு வழக்கம் அது. வண்டிக்குப் புது டயர் மாட்டினாலும் அந்தக் குழுவில் படம் போடுவார்கள். நானூற்றுப் பன்னிரண்டு பேர் கைகூப்புவார்கள். சத்யபிரியா தமிழ்வழியில் படித்தவள். கட்டுரையில் அவளுக்குப் புரிந்தது மகளின் பெயர் மட்டும். அதுவே போதுமானதாக இருந்தது.

கயல்விழிக்கு உடம்பிலிருந்த ரத்தம் மொத்தமும் காலுக்கு இறங்கி, தரை வழியாக வெளியேறி, நெடுஞ்சாலையைத் தாண்டிப் போய்விட்டது.

"எந்தக் கட்டுரைம்மா?"

"கடைசில எழுதினியே, அதுதான்."

"அகல்யா அண்ணி யாரு மருமவ?"

"இதென்ன கேள்வி? சின்னுசாமி மாமா மருமவ."

கயல்விழி அம்மாவின் அலைபேசியைப் பிடுங்கினாள். அறுபத்து மூன்று கும்பிடு. நடுவில் யாரோ முட்டை விலை போட்டிருந்தார்கள். கட்டுரையை ஒருவரும் படித்ததாகத் தெரியவில்லை. அகல்யாவிடமிருந்து மட்டும் பதிலே இல்லை.

"அழிச்சரு, அழிச்சரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு விரலை வைத்தாள். அவசரத்தில் 'எல்லோருக்கும் நீக்கு' என்பதற்குப் பதிலாக 'எனக்கு மட்டும் நீக்கு' என்பதில் பட்டுவிட்டது. இப்போது அந்தக் கட்டுரையைப் படிக்க முடியாத ஒரே ஆள் சத்யபிரியா. மீதி நானூற்றுப் பதினொரு பேர் சாவகாசமாகப் படிக்கலாம்.

"ஏன்டி இப்படி வெளுத்துப் போயிட்ட? தப்பு நெறைய இருக்குதா?"

"ஒரே ஒரு தப்புத்தான்மா" என்றாள் கயல்விழி. அதற்கு மேல் சொல்ல நேரமில்லை. வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது.

சின்னுசாமிக்கு அறுபத்திரண்டு வயது. பேச்சு குறைவு. பனிக்குக் காதை மூடி மப்ளர் கட்டியிருந்தார். முன்கூடத்துக்கு வந்தவர், நாற்காலியைப் பார்த்தார், உட்காரவில்லை.

"வாங்க பெரிய மாமா. இந்நேரத்துல வந்திருக்கறீங்க. காப்பி போடறேன்."

"காப்பி இருக்கட்டும். தமிழரசு எங்க?"

"குளிக்கறாருங்க. இன்னைக்கு வண்டி எடப்பாடிப் பக்கம் போகுதுங்க."

"புள்ளையக் கூப்புடு."

கயல்விழி மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். கைக்குழந்தையை டாக்டரிடம் கொண்டு போகிறவளைப் போல.

சின்னுசாமி சட்டைப் பையிலிருந்து அலைபேசியை எடுத்தார். கட்டுரையின் படத்தைக் கண்ணுக்கு எட்டத்தில் பிடித்துப் பார்த்தார். அதை அவரால் படிக்க முடியாது. ஆனாலும் பார்த்தார்.

"அகல்யா படிச்சுச் சொல்லுச்சு. நானு மாட்டுக்குத் தவுடு கலக்கிக்கிட்டு இருந்தேன். ரெண்டு தடவ படிக்கச் சொன்னேன்." நிமிர்ந்தார். "நானு எப்ப அம்முணி உன்னைய மன்னிச்சேன்?"

கயல்விழி மடிக்கணினியை இன்னும் இறுக்கிக்கொண்டாள். அவர் விடவில்லை.

"நீ எப்ப எங்கூட்டுக்கு வந்த? நானு எப்ப அழுதேன்? உன்ற தலைல கைய வெச்சேன்னு போட்டிருக்குதாமா. எந்தக் கைய வெச்சேன்?"

சத்யபிரியா காப்பித் தூள் டப்பாவோடு அப்படியே நின்றாள். "என்ன மாமா சொல்றீங்க? எதுக்கு மன்னிக்கோணும்?"

குளியலறைக் கதவு திறந்தது. தமிழரசு தலையில் துண்டோடு வந்தார். அகல்யா படித்துச் சொன்னதைச் சின்னுசாமி ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் திருப்பிச் சொன்னார். கட்டைவிரல், நெம்பியது, எழுந்தது, புழுதி. தமிழரசு தலை துவட்டுவதை நிறுத்தவில்லை. துவட்டிய வேகத்தில் தலையில் ஒரு முடி மிஞ்சியிருக்கக் கூடாது.

"அட, அதுங்களாண்ணா" என்று சிரித்தார். "அது கதைங்க. அமெரிக்காக்காரனுக்கு இப்படி ஏதாச்சும் சோகமா எழுதினாத்தான் சீட்டுக் குடுப்பான். தேங்கா நெசமாவே எந்திரிச்சுதுங்க. எந்திரிக்கலைன்னு புள்ளை எழுதுனதுதான் பொய்யி. அந்த மேடம் அப்படி எழுதச் சொல்லியிருக்கும். இல்லையா கயலு?"

கடிகாரத்தில் ஒன்பதே முக்கால். நல்ல நேரம் பிறந்து கால் மணி ஆகியிருந்தது. மடிக்கணினித் திரையில் பச்சைப் பொத்தான் தயாராக இருந்தது. ஒரு ஆமாம் போதும். அப்பாவின் தொழில் தப்பும், பெரியப்பா வீட்டுக்குப் போவார், கட்டுரை கடல் தாண்டும். கேள்விக்கு விடையை அப்பாவே எடுத்துக் கொடுத்துவிட்டார். தலையாட்டினால் முழு மதிப்பெண்.

சின்னுசாமி அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "எது பொய்யி சாமி? நீ எழுப்புனதா, நானு அழுததா?"

"நீங்க அழுததுங்க பெரியப்பா."

தமிழரசுவின் கை துண்டோடு தலையிலேயே நின்றது.

"நீங்க அழுதது பொய்யிங்க. நானு எழுப்புனது நெசம்."

"கயலு" என்றார் தமிழரசு.

"இருங்கப்பா. நானு சொல்லிப்போடறேன்." மடிக்கணினியை மேசைமேல் வைத்தாள். "அன்னைக்கு நாலு சுத்து வந்தனுங்க. எந்திரிக்கவே இல்ல. சித்திரை வெயிலு. கால்ல செருப்பு இல்ல. உழுத மண்ணு நெருப்பாட்டம் இருந்துச்சு. அடுத்த நாள் எனக்கு டியூஷன்ல கெமிஸ்ட்ரி டெஸ்ட் வேற. கெழக்கால ஒரு வேப்பமரம் இருந்துச்சுங்கல்ல?"

"இருந்துச்சு."

"அதுக்கு அடில மட்டும் நெழலு. அங்க போய் நின்னேன். நின்ன எடத்துலயே எழுப்பிப்போட்டேன்."

சின்னுசாமி மப்ளரைக் காதிலிருந்து இறக்கினார்.

"நெழலுக்கா?" என்றார்.

"ஆமாங்க."

"கட்டுரைல, அப்பன் மேல பாசத்துல எழுப்புனேன்னு எழுதியிருக்கறதா அகல்யா சொல்லுச்சு."

"அதுவும் பொய்யிங்க பெரியப்பா."

சத்யபிரியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

"சேலத்துல இருந்து ஒரு ஆபீசரு வந்து மெசினு வெச்சுப் பாத்து மேக்கால ஒரு எடம் குறிச்சுக் குடுத்தாரு" என்றார் சின்னுசாமி. குரல் உயரவில்லை. "நாந்தான் வேண்டாமுன்னேன். நம்ம புள்ளை கைராசி இருக்கறப்ப மெசினு எதுக்குன்னு சொன்னேன். அவரு குறிச்ச எடத்துக்கு வரப்பு ஒட்டிப் பக்கத்துத் தோட்டத்துக்காரன் போட்டான். எறநூத்தி எம்பது அடி. தண்ணி இன்னைக்கும் நிக்காம வருது. எங்கூட்டுக்காரி பாவாயி தெனமும் காலைல எந்திரிச்சு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டுத்தான் வாசல் தெளிக்கறா."

கயல்விழியின் அலைபேசி அடித்தது. தீபிகா மேடம். பதற்றத்தில் கயல்விழி ஒலிபெருக்கியை அழுத்திவிட்டாள்.

"கயல், இன்னும் சப்மிட் ஆகலைன்னு காட்டுதே. மணி பத்து ஆகப் போகுது. என்ன பண்ற?"

"மேடம், அந்த அஞ்சாவது கட்டுரை..."

"அது அருமையா இருக்கு. தொடாத. இப்ப தொட்டா கெட்டுடும். அமுத்திடு."

"பெரியப்பா வந்திருக்காருங்க மேடம்."

"எந்தப் பெரியப்பா?"

"கட்டுரைல வர்றவரு."

மறுமுனையில் சேலம் மாநகரமே மூச்சை நிறுத்தியது. பிறகு மெல்லிய குரலில், "நான் அப்புறம் பேசறேன்" என்று தீபிகா மேடம் வைத்துவிட்டாள்.

கயல்விழி சின்னுசாமியின் எதிரில் வந்து நின்றாள். "பெரியப்பா, பொங்கலுக்கு வந்து சொல்லலாம்னுதான் இருந்தேன். நெசமா. என்னைய மன்னிச்சுப்போடுங்க."

"எதுக்கு அவசரம்?" என்றார் அவர். "மன்னிக்கறதா வேண்டாமான்னு நானு இன்னும் ரோசனையே பண்ணல. காலைல ஏழரைக்குத்தான எனக்கே தெரிஞ்சுது. அதுக்குள்ள மன்னிச்சாச்சுன்னு எழுதி நானூறு பேருக்கு அனுப்பியும் போட்டீங்க."

"அப்ப நானு என்னங்க பண்ணட்டும்?"

"அனுப்பறதுன்னா அனுப்பு. நானு புடிச்சா வெச்சிருக்கறேன்? ஆனா நானு மன்னிக்கல. அதை அழிச்சுப்போடு."

மணி பத்து எட்டு.

கயல்விழி உட்கார்ந்தாள். 'நான் அந்த ஏழை விவசாயியின் குடிசைக்கு' என்று தொடங்கும் பத்தி முழுவதையும் தேர்வு செய்தாள். ஒரு தட்டு. தொண்ணூறு சொற்கள் மறைந்தன. அவற்றை எழுத அவளுக்கு நாலு நாள் ஆகியிருந்தது. எதிர் நாற்காலியில் சின்னுசாமி கடைசியாக உட்கார்ந்தார்.

"என்ன அழிச்ச?"

"நீங்க ஏழை விவசாயின்னு எழுதியிருந்தனுங்க. குடிசைல இருக்கறீங்கன்னு."

அவர் முகத்தில் முதல் முறையாகக் கோபம் வந்தது. புழுதி வந்தபோதுகூட இவ்வளவு வந்திருக்காது. "ஏழையா? நானா? பன்னெண்டு ஏக்கரா வெச்சிருக்கறவன் ஏழையா? மச்சு ஊட்டுல இருக்கறவனைக் குடிசைல கொண்டு போய் வெச்சிருக்கற. அகல்யா இதைச் சொல்லவே இல்லையே."

"அண்ணி பயந்திருப்பாங்க."

"பன்னெண்டு ஏக்கரான்னு எழுது."

"சொல்லு கணக்கு இருக்குதுங்க பெரியப்பா. எறநூத்தி அம்பதுக்கு மேல போகக் கூடாது."

"ஏழைங்கறதுக்கு எடம் இருந்துச்சுல்ல? அந்த எடத்துல போடு."

போட்டாள். வேப்பமர நிழலைப் போட்டாள். கெமிஸ்ட்ரி டெஸ்ட்டையும் போட்டாள். பாசத்தை எடுத்தாள். எழுதி முடித்த வரியைத் தமிழில் சொல்லிச் சொல்லிக் காட்டினாள். அமெரிக்கக் கல்லூரியின் தேர்வுக் குழுவில் ஏழு பேர் இருக்கலாம், எட்டுப் பேர் இருக்கலாம். அத்தனை பேரையும் ஒன்றாகப் பிசைந்து உருட்டினாலும் இந்த ஒரு சின்னுசாமிக்கு ஈடாகாது. ஒவ்வொரு வரிக்கும் அவர் கண்ணை மூடிக் கேட்டார். சரி என்றால் மூக்கால் ஒரு சத்தம். இல்லை என்றால் ஒன்றுமே இல்லை.

"சுத்து நாலு இல்ல, அஞ்சு" என்றார் ஒரு இடத்தில். "நானு எண்ணிக்கிட்டு இருந்தேன்."

பத்து பத்தொன்பது. சத்யபிரியா சாமி அறைக்கும் முன்கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தாள். அந்த நடையை நேராக நடந்திருந்தால் ராசிபுரம் போயிருக்கலாம். தமிழரசு சுவரோரம் நின்றார். துண்டு இன்னும் தோளில் இருந்தது.

"ஏனுங்க, நீங்களாச்சும் எதாச்சும் சொல்லுங்க" என்றாள் சத்யபிரியா.

தமிழரசு துண்டை மடித்து மறுதோளில் போட்டார்.

"என்ற அப்பா என்ற கைய முழுசா நம்புனாரு. நானு நெம்புனது அவருக்குத் தெரியாது" என்று கயல்விழி அடுத்த வரியைப் படித்துக் காட்டினாள். "இது முன்னாடியே எழுதுனதுங்க. இதை அப்படியே வெச்சுக்கறேன்."

சின்னுசாமியின் மூக்கிலிருந்து சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்து தமிழரசுவைப் பார்த்தார். தமிழரசு ஜன்னலுக்கு வெளியே போன லாரியைப் பார்த்தார்.

கயல்விழி அதைக் கவனிக்கவில்லை. மணி பத்து இருபத்து நாலு. முடிவு இல்லை. பிரச்சினை இருந்தது, உண்மை இருந்தது. கண்ணீரும் மாற்றமும் போன இடத்தில் ஒரு வெள்ளை இடைவெளி. இருபத்தொரு சொல்லுக்கு இடம் மிச்சம். 'அதன் பிறகு என்ன நடந்தது?' என்று கேள்வி திரையின் மேலே இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

"பெரியப்பா, கடைசில என்ன எழுதட்டும்?"

"எங்கிட்டக் கேட்டா? நடந்ததை எழுது."

"ஒண்ணும் நடக்கலையே."

"அப்ப அதை எழுது."

அவள் தட்டினாள். அழித்தாள். மறுபடி தட்டினாள். பிறகு மெதுவாகத் தமிழில் சொன்னாள்: "இன்று காலைதான் அவரிடம் சொன்னேன். அவர் இன்னும் என்னை மன்னிக்கவில்லை. இப்போது என் எதிரில் உட்கார்ந்து இந்தக் கட்டுரையைத் திருத்திக்கொண்டிருக்கிறார்."

மூக்கால் ஒரு சத்தம் வந்தது.

பத்து இருபத்தாறு. கயல்விழி பச்சைப் பொத்தானை அழுத்தினாள். வட்டம் சுற்றியது. உலகத்தில் கடைசி நேரத்தில் கட்டுரை அனுப்பும் அத்தனை பிள்ளைகளும் அந்த ஒரே வட்டத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். சத்யபிரியா குலதெய்வத்தில் தொடங்கி, பேருந்தில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்த கோயில்கள் வரை எல்லாவற்றுக்கும் வேண்டிக்கொண்டாள். இருபத்தேழு. வட்டம். கயல்விழி நகத்தைக் கடிக்கவில்லை; கடிக்க மிச்சம் இல்லை. இருபத்தெட்டு.

திரையில் வண்ணக் காகிதத் துண்டுகள் கொட்டின. உங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது. இனி மாற்றங்கள் செய்ய இயலாது.

சத்யபிரியா தரையில் உட்கார்ந்தே விட்டாள். கயல்விழி சிரிக்கப் பார்த்தாள்; முகம் அழுகையின் பக்கம் போயிற்று. இருந்தாலும் நெஞ்சுக்குள் இரண்டு வருடமாக உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து இடம் மாறி உட்கார்ந்தது. ஒரு வரியில்கூடப் பொய் இல்லை. இனி சீட்டுக் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்த இருநூற்று நாற்பத்தாறு சொல்லும் சுத்தம்.

சின்னுசாமி மப்ளரை இழுத்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். "சரி, நானு வாரேன். மாடு கட்டுத்தறிலயே நிக்குது."

"பெரியப்பா" என்றாள் கயல்விழி.

"ரோசனை பண்ணோணும். அவசரப்படுத்தாத." அவர் வாசல் வரை போனார்.

"அண்ணா."

தமிழரசுதான் கூப்பிட்டார். சின்னுசாமி திரும்பினார்.

"புள்ளை நெழலுக்குத்தான் போறான்னு எனக்குத் தெரியுமுங்கண்ணா."

கயல்விழி திரையிலிருந்து முகத்தைத் திருப்பினாள்.

"அன்னைக்கு அவ கட்டைவெரலையும் பாத்தேன்" என்றார் தமிழரசு. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. "மேக்கால அந்த ஆபீசரு குறிச்ச எடத்துக்கு ரிக்கு வண்டி போகாதுங்க. வரப்பை ஒடைச்சு, ரெண்டு நாளு பாதை போடோணும். வேப்பமரத்துக்கிட்ட வண்டி நேரா வந்து நிக்கும். அதான் பேசாம இருந்துட்டேன்."

திரையில் காகிதத் துண்டுகள் விழுந்து ஓய்ந்திருந்தன. என் அப்பா என் கையை முழுதாக நம்பினார், அவருக்குத் தெரியாது என்ற வரி கடல் தாண்டி இரண்டு நிமிடம் ஆகியிருந்தது.

"அப்பா," என்றாள் கயல்விழி. "இப்படி எத்தனை எடத்துல தெரிஞ்சே போர் போட்டீங்கப்பா?"

தமிழரசு துண்டை எடுத்துக் காய்ந்த தலையை மறுபடி துவட்டினார்.

சின்னுசாமி வாசலில் கழற்றிவிட்ட செருப்பைக் காலால் தேடியவர், தேடுவதை நிறுத்தினார். திரும்ப உள்ளே வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். சத்யபிரியாவைப் பார்த்தார்.

"காப்பியப் போடும்மா" என்றார். "இது நேரமாகும்."